சீட்டுப் பணமும் சீமை வீடும்

2022, செப்டம்பர் கடைசி வாரம். நம் ஊர் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டு இருக்கும். லண்டனில் இருக்கும் என் பள்ளித் தோழன் போன் செய்தான். குசலம் விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“மச்சான், ரெண்டு மாசமா அந்த புரோக்கர் ‘இந்த வாரம் ஆயிடும், அடுத்த வாரம் ஆயிடும்’னு சொல்லிட்டே இருந்தான். இன்னிக்குப் பார்த்தா அந்த லோன் திட்டத்தையே எடுத்துட்டாங்களாம். இனிமே வட்டி ஆறு பர்சென்ட்கிட்ட போகுமாம். இப்ப நான் யாரைப் போய் உதைக்கிறது?”

நியாயமான கேள்விதான். பதில் தேடப் போனதில் சுமார் 250 வருஷம் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது. நீங்களும் கூட வாருங்கள்.

முதலில் அந்த வாரம் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் புது நிதியமைச்சர் க்வாஸி க்வார்ட்டெங் ஒரு ‘மினி பட்ஜெட்’ போட்டார். சுமார் 4,500 கோடி பவுண்டுக்கு வரிச் சலுகை. அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சந்தை மிரண்டது. அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை சரிந்து வட்டி எகிறியது. வீட்டுக் கடன் கொடுப்பவர்களுக்கு எந்த வட்டிக்குக் கொடுப்பது என்றே புரியவில்லை. ‘கடையைச் சாத்து, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்ட கடன் திட்டங்களை வாபஸ் வாங்கினார்கள். இரண்டு வருஷ நிலை வட்டி மினி பட்ஜெட்டுக்கு முன்னால் சராசரியாக 4.75 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. அக்டோபர் 5-ம் தேதி 6 சதவிகிதத்தைத் தாண்டியது.

பி.காம். படித்த பழக்கம், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 2 லட்சம் பவுண்டு, 25 வருஷக் கடன். 4.75 சதவிகிதத்தில் மாதத் தவணை சுமார் 1,140 பவுண்டு. 6 சதவிகிதத்தில் சுமார் 1,288. மாதம் 148 பவுண்டு அதிகம். இரண்டு வருஷத்துக்கு 3,500 பவுண்டுக்கு மேல். ஒரு காகிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய பணம்.

(நிதியமைச்சர்? பதவியேற்ற 38-வது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் போக வீடு இருந்தது.)

அது என்ன காகிதம் என்று கேட்கிறீர்களா? அதற்குப் பெயர் ‘மார்ட்கேஜ் ஆஃபர்’. இங்கிலாந்தில் வீடு வாங்குவது கிட்டத்தட்ட நம் ஊரில் கல்யாணம் முடிப்பது மாதிரி. வீட்டைப் பார்த்தோம், பிடித்தது, விலை படிந்தது என்றால் பெண் பார்த்துவிட்டு வந்ததாக அர்த்தம், அவ்வளவுதான். ஒப்பந்தப் பத்திரங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் வரை யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. நாம் தட்டு மாற்றுகிறோமே, அந்த மாதிரி. அதற்குள் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் தாராளமாக அந்தப் பக்கம் சாயலாம். ‘கஸம்பிங்’ என்று இதற்குச் செல்லப் பெயரே உண்டு.

கடன் கொடுப்பவர் ‘இவருக்கு இவ்வளவு தருகிறோம்’ என்று எழுத்தில் தராமல் எந்த வக்கீலும் தட்டை மாற்றச் சொல்ல மாட்டார். ஆக, அந்த ஆஃபர் வரும் வரை வாங்குகிறவர் அந்தரத்தில் தொங்க வேண்டும். அவருக்கு விற்பவர் வேறொரு வீட்டை வாங்கக் காத்திருப்பார். அந்த வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்கு. சங்கிலியில் ஒருவருக்குக் காகிதம் தாமதமானால் அத்தனை பேரும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, இந்தக் காத்திருப்பு எங்கே ஆரம்பித்தது?

பர்மிங்ஹாம் நகரம். ஸ்னோ ஹில் பகுதியில் ‘கோல்டன் கிராஸ்’ என்று ஒரு மதுக்கடை. அதன் முதலாளி ரிச்சர்ட் கெட்லி. 1775-ல் அவருடைய கடையில்தான் உலகின் முதல் ‘பில்டிங் சொசைட்டி’ பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஏற்பாடு ரொம்ப எளிமை. ஒரு கூட்டம் பேர் சேர்ந்து மாதா மாதம் ஒரு தொகை போடுவார்கள். பணம் சேர்ந்ததும் ஒருவருக்கு வீடு. மறுபடி சேரும், அடுத்தவருக்கு வீடு. யாருக்கு முதலில்? சில சங்கங்களில் குலுக்கல். சிலவற்றில் ஏலம்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சாட்சாத் நம் ஊர் சீட்டேதான்! குலுக்கல் சீட்டு, ஏலச் சீட்டு இரண்டுமே அங்கே இருந்திருக்கிறது. ஒரு சின்ன வித்தியாசம். கூட்டம் நடப்பது மதுக்கடையில் என்பதால் வருகிறவர் பீருக்கும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும் என்று விதி போட்ட சங்கங்களும் இருந்தன. கெட்லி விவரமான ஆள்.

எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். ஆனால் கடைசிச் சீட்டு யாருக்கு விழுகிறதோ, அவர் பாடு? மற்றவர்கள் சொந்த வீட்டில் குடியிருக்க, இவர் வருஷக்கணக்காக வாடகையும் கொடுத்துக்கொண்டு, மாதப் பணமும் கட்டிக்கொண்டு நிற்பார். கவனியுங்கள், வீட்டுக் கடன் என்ற சமாச்சாரம் பிறக்கும்போதே வரிசையோடுதான் பிறந்தது. யாரும் வேண்டுமென்று தாமதம் செய்யவில்லை. பானையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி 1840-களில் கண்டுபிடித்தார்கள். வீடு வேண்டியவர்தான் பணம் போட வேண்டும் என்று என்ன கட்டாயம்? சும்மா சேமித்து வைக்க ஆசைப்படுகிறவரும் போடட்டும், அவருக்கு வட்டி கொடுப்போம். அந்தப் பணத்தை வீடு வேண்டியவருக்குக் கொடுப்போம். இப்படிச் செய்தால் சங்கத்தைக் கலைக்கவே வேண்டாம். அதனால் இவற்றுக்கு ‘பர்மனென்ட்’ என்று பெயர் வந்தது. 1872-ல் நம் மயிலாப்பூரில் ஆரம்பித்த நிதி நிறுவனத்தின் பெயர் ‘ஹிந்து பர்மனென்ட் ஃபண்ட்’. அந்த நடுப்பெயர் எந்த ஊர்க் காற்றில் வந்தது என்று இப்போது ஊகித்துக்கொள்ளலாம்.

காசு பெருகினால் வில்லனும் வருவான் இல்லையா? வந்தார். பெயர் ஜேபஸ் பால்ஃபர். நாடாளுமன்ற உறுப்பினர், பக்திமான், பெரிய மனிதர். 1868-ல் ‘லிபரேட்டர்’ என்று ஒரு பில்டிங் சொசைட்டி ஆரம்பித்தார். சேமிப்பைப் பிடித்துக் கொடுக்க ஊர் ஊராக ஏஜென்ட்டுகள். அதில் பல பேர் சர்ச் போதகர்கள், கமிஷன் உண்டு. பிரசங்கம் செய்கிறவரே சொல்கிறாரே என்று ஏழை பாழைகள் பணத்தைக் கொட்டினார்கள். நாட்டிலேயே பெரிய சொசைட்டியாக வளர்ந்தது. பால்ஃபரோ அந்தப் பணத்தைத் தன்னுடைய கம்பெனிகளுக்குத் திருப்பிவிட்டார். 1892-ல் மொத்தமாகக் கவிழ்ந்தது. மனிதர் அர்ஜென்டினாவுக்கு ஓடினார். ஸ்காட்லாந்து யார்டு 1895-ல் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. 14 வருஷம் சிறை.

இந்த அதிர்ச்சியில் 1894-ல் ஒரு சட்டம் வந்தது. கணக்கு வழக்குகளை இறுக்கிப் பிடித்ததோடு, புதிய சொசைட்டிகள் குலுக்கல் போட்டுக் கடன் தருவதற்கும் தடை விதித்தது. சட்டப்படி அதிர்ஷ்டத்துக்கு வழியனுப்பு விழா. ஆனால் வரிசை போய்விட்டதா?

அதற்குப் பதில் 1970-களில் இருக்கிறது. 1939-லிருந்து பில்டிங் சொசைட்டிகளின் சங்கம் ‘இதுதான் வட்டி’ என்று பரிந்துரைக்கும், ஏறத்தாழ எல்லோரும் அதைப் பின்பற்றுவார்கள். வீட்டு வட்டி ஏறினால் ஓட்டு போய்விடும் என்பதால் அரசியல்வாதிகளும் அதை ஏற விட மாட்டார்கள். விளைவு? வெளியே வட்டி அதிகம், இங்கே குறைவு. சேமிப்பவர்கள் பணத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். குறைந்த வட்டி என்பதால் கடன் கேட்பவர்களோ குவிந்தார்கள். விலையை ஏற விடாமல் பிடித்து வைத்த எந்தப் பொருளுக்கும் என்ன ஆகும்? நம் ரேஷன் கடை ஞாபகம் வருகிறதா? அதேதான் ஆனது. கியூ! 1974-ல் நிலைமை முற்றி, அரசாங்கமே சொசைட்டிகளுக்கு 50 கோடி பவுண்டு வரை கடன் கொடுக்க வேண்டி வந்தது.

இந்தக் கியூவில் முன்னால் நிற்பது எப்படி? அந்த சொசைட்டியில் ஒன்றிரண்டு வருஷமாவது பணம் போட்டு வைத்திருக்க வேண்டும். பிறகு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கிளை மேனேஜரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து ‘சரி’ என்றால் சரி. தனியாக வீடு வாங்க வந்த பெண்ணிடம், நல்ல சம்பளம் வாங்குகிறவராகவே இருந்தாலும், ‘அப்பாவையோ வீட்டுக்காரரையோ ஜாமீன் போடச் சொல்லும்மா’ என்பது சர்வசாதாரணம். 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகுதான் அதைக் கேட்பது சட்ட விரோதமானது. பழைய நகர்ப்பகுதிகளில் இருக்கும் வீடா, குடியேறிகள் வாழும் தெருவா, அங்கே கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் என்ட்ரி ஆகிறார். புரோக்கர்!

சொசைட்டிகள் தங்களுக்குச் சேமிப்பும் ஆளும் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுகள், வக்கீல்கள், புரோக்கர்களுக்கு ‘உங்கள் மூலமாக இத்தனை கடன்’ என்று ஒரு கோட்டா ஒதுக்குவார்கள். நீங்கள் நேரில் போனால் ‘அடுத்த வருஷம் வாருங்கள்’. புரோக்கர் மூலம் போனால் அடுத்த மாதம் முடியலாம். பல சமயம் கூடவே ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் தலையில் கட்டுவார், அதில் அவருக்குக் கமிஷன். நம் சினிமா தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். இவர் செய்தது சட்டத்துக்கு உட்பட்ட தொழில், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் சோறு போட்டது ஒன்றுதான். கியூ.

1979-ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு போனது. 1980-ல் வங்கிகளின் மீதிருந்த கடன் கட்டுப்பாடும் போனது. வங்கிகள் வீட்டுக் கடனில் குதித்தன. 1980-களின் நடுவில் பரிந்துரை வட்டி ஏற்பாடும் சரித்திரமானது. கியூ மாயமாக மறைந்தது. நேற்று வரை ‘பார்க்கலாம்’ என்றவர்கள் ‘எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்டார்கள்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. கல்யாணம் ஆகாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால் ஆளுக்கு 30,000 பவுண்டு கடன் வரை சலுகை. 1988 மார்ச் பட்ஜெட்டில் நைஜல் லாசன், ‘ஆகஸ்ட் 1 முதல் ஒரு வீட்டுக்கு ஒரு சலுகைதான்’ என்று அறிவித்தார். உடனே நிறுத்தியிருக்கலாம். நாலு மாதம் அவகாசம் கொடுத்தார். அவ்வளவுதான், ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள். அட்சய திருதியைக்கு நகைக்கடை எப்படி இருக்கும்? அப்படி. விலை தாறுமாறாக ஏறியது. ‘ஆகஸ்டுக்குள் ஆஃபர் வாங்கிக் கொடு’ என்று புரோக்கரைத் துரத்தாத ஆள் இல்லை.

வாங்கியவர்கள் ஜெயித்தார்களா? 1989 அக்டோபரில் அடிப்படை வட்டி 15 சதவிகிதம். ஒரு வருஷம் அங்கேயே நின்றது. வீட்டு விலை விழுந்தது. வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகம் என்ற நிலை. 1991-ல் மட்டும் கடன் கட்ட முடியாமல் 75,000-க்கும் மேற்பட்ட வீடுகள் பறிபோயின. அந்த நாலு மாதத்தில் புரோக்கரின் தாமதத்தால் வீட்டைக் கோட்டை விட்டு, அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும்.

ஆனால் மனிதர்கள் பாடம் படிப்பதில்லை. 2000-களில் ‘உன் வருமானத்தை நீயே எழுதிக் கொடு, நம்புகிறோம்’ என்று கடன் கொடுத்தார்கள். ‘பொய்யர் கடன்’ என்று அதற்குப் பட்டப் பெயர். நார்தர்ன் ராக் வங்கி, வீட்டின் மதிப்பில் 125 சதவிகிதம் வரை கொடுத்தது. 100 ரூபாய் வீட்டுக்கு 125 ரூபாய் கடன்! 2007 செப்டம்பரில் அதே வங்கியின் வாசலில் மக்கள் போட்ட பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். 2008 பிப்ரவரியில் அரசாங்கம் அதைத் தேசியமயமாக்கியது.

சூடு பட்ட பூனை என்ன செய்யும்? 2014 ஏப்ரல் 26 முதல் புது விதிகள். கடன் கேட்பவரின் வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும். செலவைப் பார்க்க வேண்டும். வட்டி ஏறினாலும் கட்ட முடியுமா என்று சோதிக்க வேண்டும். 2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் இறந்தார்கள். 24 மாடிக் கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் வழியாகத் தீ பரவியிருந்தது. அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் கேட்டால், வெளிச்சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நிபுணரின் சான்று கேட்பது 2019 டிசம்பரில் ஆரம்பித்தது. அந்த ஒரு படிவம் இல்லாமல் விற்கவும் முடியாமல், வாங்கவும் முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் மாட்டிக்கொண்டன.

இப்போது புரிகிறதா? கெட்லி காலத்தில் காசுக்காகக் காத்திருந்தார்கள். 1970-களில் மேனேஜரின் தயவுக்காக. இன்றைக்குக் காகிதத்துக்காக. கியூ ஒழியவில்லை, ஒரு கவுன்ட்டரிலிருந்து இன்னொரு கவுன்ட்டருக்கு மாறியிருக்கிறது. அதனால்தான் புரோக்கரும் ஒழியவில்லை. இன்றைக்கு பிரிட்டனில் ஏறத்தாழ பத்தில் எட்டு வீட்டுக் கடன் அவர்கள் வழியாகத்தான் போகிறது. கடன் கொடுப்பவர் தரும் கமிஷன் எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் கைக்கு வரும். அதாவது தாமதமானால் அவருக்கும் நஷ்டம். அவர் உங்களோடு அதே வரிசையில் நிற்கிறவர்தான்.

மறுபடி தோழனுக்கு வருவோம். “உன் கேஸ் எந்தக் கட்டத்துல நின்னுச்சு?” என்று கேட்டேன். கையில் இருந்தது ‘கொள்கையளவில் சம்மதம்’ என்ற சீட்டு மட்டும். அது எந்த வட்டியையும் பிடித்து வைக்காது. முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பழைய வட்டி அவனுக்கு நின்றிருக்கும். புரோக்கர் அதைப் போடவில்லை.

“ஏன் போடலை?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். “டெபாசிட் பணத்துல கொஞ்சம் சீட்டு எடுத்ததுடா. பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அண்ணன் பிடிக்கிறார். அது எங்கேர்ந்து வந்ததுன்னு எழுத்துல கேப்பாங்க, அதை முதல்ல வாங்கிட்டு வான்னு புரோக்கர் ஆறு வாரமா கேட்டுட்டே இருந்தான். சீட்டுன்னா என்னன்னு வெள்ளைக்காரனுக்கு எப்படிடா விளக்கறது?”

நான் சிரித்துவிட்டேன். அவன் கடன் கேட்ட இடம் ஒரு பழைய பில்டிங் சொசைட்டி!

“பத்து பேர் சேர்ந்து மாசா மாசம் பணம் போடுவோம், ஏலத்துல எடுத்தவருக்கு முதல்ல குடுப்போம், அப்படின்னு நேராவே எழுது. நீங்களும் இப்படித்தானே சார் ஆரம்பிச்சீங்கன்னு கீழே ஒரு வரி வேணா சேர்த்துக்கோ” என்றேன்.

கடைசி வரியை அவன் சேர்க்கவில்லை. மற்றதை எழுதினான், யாழ்ப்பாணத்து அண்ணன் கையெழுத்துப் போட்டார், வங்கிக் கணக்கு நகல்களை இணைத்தார்கள். வேறு வீடு, வேறு வட்டி. அடுத்த வருஷம் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, வட்டி ஏறியிருந்தது. ஆறு வாரத் தாமதத்தில் நஷ்டமா லாபமா என்று அவன் இன்னமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் லண்டனில் வாங்கினாலும் சரி, தாம்பரத்தில் வாங்கினாலும் சரி, ‘இந்த வாரம் ஆயிடும்’ என்று யாராவது சொன்னால் கோபப்படுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபைல் இப்போது யார் மேஜையில் இருக்கிறது? எந்தக் காகிதத்துக்காக நிற்கிறது? அதை யார் கொடுக்க வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு ‘நீங்கதான் சார்’ என்று பதில் வந்தால், உதைப்பதற்கு ஆள் தேட வேண்டாம். டிராயரைத் திறந்து தேடுங்கள்.